வந்த நாளும் முழுகின நாளும்

போன செவ்வாய்க்கிழமை காலமை அடுப்பில புட்டு அவிஞ்சுகொண்டிருக்க, போன் அடிச்சுது. மிரெய். எங்கட கிளினிக்கில என்னோட தாதியா நிண்டு, பேந்து படிச்சு, பிள்ளைப்பேறு பாக்கிற மருத்துவமாதுவாப் போன பிள்ளை. "மதாம் பரா! இண்டைக்கு நான் எழுதினன்! நானே கையெழுத்து வச்சன்!" எண்டு மூச்சு விடாமல் பிரெஞ்சில கத்தினாள். நானும் கத்தினன். என்ரை வீட்டுக்காரர் மற்ற அறையிலயிருந்து "ஆர் செத்தது?" எண்டு ஓடி வந்திட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை. மருத்துவமாது கருக்கலைப்புக் குளிசை எழுதத் தொடங்கிட்டாள்!"

"அதுக்கு ஏன் இந்தக் கத்தல்?" எண்டார் மனுசன்.

நல்ல கேள்விதான். புட்டை இறக்கி வச்சிட்டு விளங்கப்படுத்தத் தொடங்கினன். அவர் இரண்டு தரம் கோப்பி குடிச்சு முடிச்சார், என்ரை கதை முடியேல்லை. அதுதான் எழுதுறன்.

நான் யாழ்ப்பாணத்தில தாதியாப் படிச்சவள். மொன்றியலுக்கு வந்தாப்பிறகு அந்தச் சான்றிதழ் இஞ்ச செல்லாது எண்டிட்டினம். கோட்-டெ-நெய்ஜில ஒரு முதியோர் இல்லத்தில படுக்கை விரிச்சன், பிரெஞ்சு படிச்சன், சோதினையில ஒருக்கா விழுந்தன், எழும்பி இன்னொருக்கா எழுதினன், பாஸ் பண்ணினன். ஏழு வருசம் போச்சு. அழுத கதையெல்லாம் இருக்கு, ஆனால் இது அதுக்கான இடமில்லை. கடைசியில ஒரு பொம்பிளையள் கிளினிக்கில வந்து நிண்டன், ஓய்வு பெறுமட்டும் அங்கதான்.

அங்க தலைமைத் தாதி மதாம் ஜினெற். நெட்டை, கட்டைத் தலைமயிர், காதில எப்பவும் ஒரு பென்சில். பரமேஸ்வரி எண்ட என்ரை பேர் அவவின்ரை வாயில நுழையேல்லை. முதல் நாளே "மதாம் பரா" எண்டு வெட்டிப்போட்டா. எனக்குக் கோவம்தான். ஆனால் அவ வேலை செய்யிறதைப் பாத்த உடன கோவமெல்லாம் போட்டுது.

வாற பொம்பிளை இருக்குமட்டும் தான் இருக்கமாட்டா. ஏன் எண்டு கேக்கமாட்டா. "ஏன் எண்டது அவவின்ரை. எப்ப எண்டதுதான் எங்கட" எண்டு சொல்லுவா. கொம்பியூட்டரில ஒரு நொடியில நாள்க்கணக்கு வரும், ஆனால் மதாம் சுவரில தொங்கிற கலண்டரைக் கழட்டி மேசையில விரிச்சு, பென்சிலின்ரை அழிறப்பர் பக்கத்தால ஒவ்வொரு நாளாத் தொட்டுத் தொட்டு எண்ணுவா. வந்தவவும் கூடச் சேந்து எண்ணவேணும். அவசரம் எண்டு நான் ஒருக்கா ஒரு கிழமையைத் தாண்டி எண்ணப் போய், "மதாம் பரா, பின்னுக்குப் போங்கோ" எண்டா. போனன்.

குளிசை இரண்டு வகை. முதலாவது ஒரேயொரு குளிசை, கிளினிக்கில எங்களுக்கு முன்னால தண்ணியோட விழுங்கிறது. கர்ப்பத்தைத் தாங்கிற ஹோர்மோனை அது மறிக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழிச்சு, வீட்டில இருந்து மற்ற நாலு குளிசை. கன்னத்துக்கும் பல்லு முரசுக்கும் நடுவில வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. அரை மணித்தியாலம் அப்பிடியே வச்சிருக்கவேணும், மிச்சத்தைத் தண்ணியோட விழுங்கலாம். வயித்து நோ வரும், இரத்தம் போகும். பெரிய பாட் மணித்தியாலத்துக்கு இரண்டு எண்டு, இரண்டு மணித்தியாலம் விடாமல் நனைஞ்சால் நேர ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். தலை சுத்தி விழுந்தாலோ, ஒரு பக்கமாக் கடுமையா நொந்தாலோ, தோள்மூட்டு வலிச்சாலோ காத்திருக்கவே கூடாது. எங்கட தமிழ்ப் பிள்ளையள் கட்டாயம் ஒண்டு கேப்பினம்: "அக்கா, பத்தியக்கறி சாப்பிடலாமோ?" தாராளமாச் சாப்பிடுங்கோ.

இவ்வளவும் சொல்லி முடிய மதாம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்ப நான் நோயாளி. நீங்கள் தாதி. சொல்லுங்கோ" எண்டுவா. வந்தவ எல்லாத்தையும் திருப்பிச் சொல்லவேணும். ஒண்டு விட்டால் மதாம் முகத்தை அப்பாவி மாதிரி வச்சுக்கொண்டு, "அப்ப எனக்குத் தலை சுத்தினால் நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்கிறதோ?" எண்டு கேப்பா. அழுதுகொண்டு வந்த பொம்பிளையளே சிரிச்சுப் போடுவினம்.

கதை கேக்கிறது, எண்ணுறது, இரத்தம் எடுக்கிறது, சொல்லிக் குடுக்கிறது, பேந்து போன் எடுத்து எப்பிடியெண்டு விசாரிக்கிறது எல்லாம் நாங்கள்தான். ஒரு கையெழுத்து மட்டும் டொக்டருக்குரியது. அவர் வாறது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். நல்ல மனுசன், குறை சொல்ல ஒண்டுமில்லை. பிழை ஆளில இல்லை, ஒழுங்கில. திங்கட்கிழமை வந்த பிள்ளை செவ்வாய்மட்டும் காத்திருந்தால் சரி. வெள்ளி பின்னேரம் வந்த பிள்ளை?

அப்பிடித்தான் சுதா வந்தா. அது அவவின்ரை உண்மையான பேர் இல்லை. மாசி மாதம், வெளியில உறைபனி. சென்ட் லோரன்டில ஒரு மருந்துத் தொழிற்சாலையில பெட்டி அடுக்கிற வேலை. வேலை முடிஞ்ச கையோட, புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து நிண்டா. டொக்டர் போய் ஒரு மணித்தியாலம். வீட்டில இரண்டரை வயசில ஒரு பொடிச்சி இருக்கிறாள் எண்டும், இப்ப இன்னொண்டு ஏலாது எண்டும், இரண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திட்டினம் எண்டும், நான் கேக்காமலே சுதா சொன்னா. பேந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டு கேட்டா.

"அக்கா, மேசையில படுக்க வேண்டி வருமோ?"

மகள் பிறக்கேக்க திடீரெண்டு வயித்தை வெட்டி எடுத்தவையாம். விறைப்பு ஊசி ஒரு பக்கம் சரியாப் பிடிக்கேல்லை. நோகுது நோகுது எண்டு கத்தினவவாம், கைகால் பிடிச்சிருந்தவையாம். அதுக்குப் பிறகு பல்லுக் காட்டப் போய்ச் சாய்ஞ்ச கதிரையில இருக்கவே ஏலாமல் எழும்பி ஓடி வந்தவவாம். "குளிசை எண்டால் என்ரை வீட்டில, என்ரை கட்டில்ல. மேசை எண்டால் என்னால ஏலாது அக்கா. ஏலவே ஏலாது."

அந்த நேரத்தில எங்கட கிளினிக்கில விதி இது: கடைசி மாதவிலக்கு வந்த நாளிலயிருந்து எண்ணி அறுபத்து மூண்டு நாள்மட்டும் குளிசை. அதுக்கு மேல போனால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி எண்டால் மேசை. முதல் ஸ்கான் எடுத்துப் பாத்துத்தான் குளிசை குடுப்பம். அந்த நாள்களிலதான், அந்த வந்த திகதி நிச்சயமாத் தெரிஞ்சால் ஸ்கான் தேவையில்லை எண்டு வந்திருந்தது. அப்ப எல்லாம் அந்தத் திகதியிலதான் நிக்குது.

"கடைசியா எப்ப?" எண்டு கேட்டன். சுதா யோசிக்கக்கூட இல்லை. சாமியறையில மாட்டியிருக்கிற கோயில் கலண்டரைப் போனில படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தா. ஒரு திகதியைச் சுத்தி சிவப்புப் பேனையால வட்டம். இதைவிட என்ன நிச்சயம் வேணும்? மதாம் மாதிரி நானும் கலண்டரை விரிச்சு எண்ணினன். ஐம்பத்தேழு. செவ்வாய்க்கிழமை டொக்டர் வரேக்க அறுபத்தொண்டு. இரண்டு நாள் கையில இருக்கு.

"மேசை இல்லைப் பிள்ளை. செவ்வாய் காலமை வாங்கோ. நான் சொல்லுறன், மேசை இல்லை." பெரிய ஆள் மாதிரி வாக்குக் குடுத்தன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. எனக்குச் சனி முழுக்குத் தவறாது. நல்லெண்ணெய் வச்சு ஊறவிட்டு, சீயாக்காய் தேய்ச்சு, தலையில தண்ணி ஊத்தினன். அந்தத் தண்ணியோட வந்து விழுந்துது எனக்கு.

முழுகின நாள்!

அந்தச் சிவப்பு வட்டம் வந்த நாளில்லை, முழுகின நாள்! எங்கட பொம்பிளையள் வேற எதைக் குறிச்சு வைப்பினம்? வந்த நாளை ஆர் சாமியறைக் கலண்டரில போய் வட்டம் போடுறது? அந்த நாள்களில அந்த அறைக்குள்ளயே போறேல்லை. அஞ்சாம் நாள் தலைக்கு முழுகி, விளக்கு ஏத்தி, கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் கலண்டரில கை வைக்கிறது. நானே எத்தினை வருசம் அப்பிடிக் கணக்கு வச்சனான்! வெள்ளைக்காரத் தாதி ஒருத்திக்கு இது தெரியாமல் போனால் ஞாயம். எனக்கு, பரமேஸ்வரிக்கு, தெரியாமல் போச்சுதெண்டால் செருப்பால அடிக்கவேணும்.

சீயாக்காய் கண்ணுக்குள்ள வழிய வழிய விரலை மடக்கினன். நாலு நாள் கூட்டு. நேற்று ஐம்பத்தேழு இல்லை, அறுபத்தொண்டு. இண்டைக்கு அறுபத்திரண்டு. நாளைக்கு அறுபத்து மூண்டு. செவ்வாய்க்கிழமை அறுபத்தைஞ்சு! ஐயோ கடவுளே!

துவாயைச் சுத்திக்கொண்டு ஓடிப்போய் மதாமுக்குப் போன் அடிச்சன். முழுகினதிலயிருந்து எல்லாத்தையும் சொல்லி முடிச்சன். பேந்து கேட்டா, "தலை காய்ஞ்சிட்டுதோ?"

"இல்லை!"

"காயவிடுங்கோ. நான் போய்க் கிளினிக்கைத் திறக்கிறன். காய்ச்சல் பிடிச்ச தாதியால எனக்குப் பிரயோசனமில்லை."

ஆர் காயவிட்டது? ஈரத்தலைக்கு மேல தொப்பியைக் கவிட்டுக்கொண்டு பஸ் தரிப்புக்கு ஓடினன். பஸ் வாறதுக்குள்ள தொப்பிக்கு வெளியில நிண்ட மயிர் விறைச்சுக் கம்பியாப் போச்சு. பஸ்ஸுக்குள்ள உருகி, கழுத்தால சீயாக்காய் மணத்தோட தண்ணி வடியுது. பக்கத்தில இருந்த மாணவப் பொடியன் எழும்பி அங்கால போயிட்டான்.

மதாம் எனக்கு முன்னம் வந்து, சுதா நிரப்பித் தந்த பாரத்தை எடுத்து மேசையில வச்சிருந்தா. சுதாவின்ரை போனுக்கு அடிச்சம், எடுக்கேல்லை. சனிக்கிழமையும் வேலை, போன் பெட்டிக்குள்ள பூட்டியிருக்கும். புருசனோட கதைக்கலாம் எண்டு சுதா தானே பாரத்தில எழுதித் தந்திருந்தபடியால் அவருக்கு அடிச்சம்.

"தம்பி, அந்தக் கலண்டரில சிவப்பு வட்டம் போட்டிருக்கே, அது என்ன நாள்?"

"அக்கா... அது பொம்பிளையளின்ரை விசயம்... எனக்கு எப்பிடி..."

"தம்பி! வெக்கப்படுற நேரமோ இது? அண்டைக்கு என்ன நடந்தது?"

"அண்டைக்கு நாங்கள் கோயிலுக்குப் போனனாங்கள் அக்கா. காலமை முழுகினவ. எனக்குத் தெரியும், ஏனெண்டால் தலை காயாமல் குளிருக்குள்ள வெளிக்கிட வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனான்."

நான் மதாமைப் பாத்துத் தலையாட்டினன். "தம்பி, உடன தொழிற்சாலைக்குப் போங்கோ. சுதாவைக் கூட்டிக்கொண்டு நேர இஞ்ச வாங்கோ. வருத்தம் கிருத்தம் இல்லை, நாள் காணாது, அவ்வளவுதான்."

போனை வச்சிட்டு அழத் தொடங்கிட்டன். நான் குடுத்த வாக்கு! மதாம் காதிலயிருந்து பென்சிலை எடுத்து நீட்டினா. "அழுறது பேந்து. முதல் எண்ணுங்கோ." எண்ணினன். பின்னுக்கு நாலு நாள் போய், அங்கயிருந்து ஒவ்வொண்டா. அறுபத்திரண்டு. சரிதான்.

இனி டொக்டர். போன் எடுக்கேல்லை. சனிக்கிழமையில ரொக்ஸ்பரோப் பக்கம் சின்னப் பிள்ளையளுக்கு ஐஸ் ஹொக்கி பழக்கிறவர், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மதாம் அந்த அரங்கின்ரை நம்பரைத் தேடிப் பிடிச்சு, அங்க கவுண்டரில நிண்ட பிள்ளையிட்ட, "ஐசில நிக்கிற பெரிய ஆளைக் கூப்பிடுங்கோ. ஜினெற் எண்டு மட்டும் சொல்லுங்கோ" எண்டா. பத்து நிமிசத்தில அவர் திருப்பி எடுத்தார். போனிலயே சரியெண்டு சொல்லிப்போட்டு விட மாட்டார் அவர். "நோயாளியோட நேர கதைக்காமல் கையெழுத்து வைக்க மாட்டன். விளையாட்டு முடிய வாறன்." அது சரியான கதை, மறுத்துக் கதைக்க ஏலாது. ஆனால் அந்த விளையாட்டு முடியிற வழியாக் காணேல்லை!

அவருக்காகக் காத்திருந்த அந்த இரண்டு மணித்தியாலத்திலதான் மதாமுக்குக் கோவம் வந்ததை முதன்முதலாப் பாத்தன். பென்சிலை மேசையில அடிச்சா, முனை முறிஞ்சுது. "எல்லாம் நாங்கள் செய்யிறம், மதாம் பரா. எல்லாம்! ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை ஒரு ஹொக்கி விளையாட்டு முடியுமட்டும் காத்துக்கொண்டு நிக்குது!"

சுதா வந்தா. கால்ல தொழிற்சாலைச் சப்பாத்து, தலையில வலைத்தொப்பி, முகம் வெளிறிப்போய். விசயத்தைச் சொன்னன். "நான் பிழையாச் சொல்லிட்டனோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. நான் பிழையாக் கேட்டனான். எப்ப எண்டு மட்டும் கேட்டன். எது எண்டு கேக்கேல்லை."

"அப்ப மேசையோ?" எண்டா. புருசன் அவவின்ரை தோளில கையை வச்சார். நான் வாசலைப் பாத்தன். இன்னொரு வாக்குக் குடுக்க எனக்குத் துணிவில்லை.

மூண்டரைக்குக் கதவு திறந்துது. டொக்டர்! கழுத்தில விசில், தலையில பனி, விளையாட்டுச் சட்டையைக்கூட மாத்தேல்லை. விசிலைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள போட்டு, கை கழுவி, சுதாவுக்கு முன்னால இருந்தார். நான் நடுவில இருந்து தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் மாத்தினன். அவசரப்படாமல், கேக்கவேண்டியது எல்லாத்தையும் கேட்டார். கடைசியா, "இது உங்கட சொந்த முடிவோ? ஒருத்தரும் வற்புறுத்தேல்லையோ?"

சுதா எனக்காகக் காத்திருக்கேல்லை. தானே பிரெஞ்சில சொன்னா, "ஓம். என்ரை முடிவு."

கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் எண்டு நினைக்கிறியள்? நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பேனை கடதாசியில தொட்டுத் தூக்குமட்டும் ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்கு இவ்வளவு ஓட்டம்!

சுதா குளிசையை விழுங்கினா. பிறகு மதாம் வழமை போலக் கதிரையைத் திருப்பிப் போட்டா. "இப்ப நான் நோயாளி." சுதா ஒண்டும் விடாமல் சொன்னா. கன்னம், முரசு, அரை மணித்தியாலம், இரண்டு பாட், இரண்டு மணித்தியாலம், தோள்மூட்டு. முடிவில மதாமைப் பாத்து விரலை நீட்டி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்கிற வேலை வேண்டாம், விளங்கினதோ?" எண்டா. மதாம் கேக்க முன்னமே! டொக்டர் சிரிச்ச சிரிப்பில பைக்குள்ள கிடந்த விசில் கிலுகிலுத்துது.

திங்கட்கிழமை போன் எடுத்தன். சுதாதான் கதைச்சா. "நேற்று எல்லாம் முடிஞ்சுது அக்கா. நல்ல நோ. இவர் சுடுதண்ணிப் போத்தல் மாத்தி மாத்தித் தந்தவர். மகளுக்குக் கார்ட்டூன் போட்டுவிட்டம். என்ரை கட்டில்லதான் படுத்திருந்தன்." ஒரு கிழமை கழிச்சு இரத்தம் பாத்தம், கர்ப்பத்தைக் காட்டுற ஹோர்மோன் நல்லா இறங்கியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமையே மதாம் எங்கட பாரத்தை மாத்திப்போட்டா. கடைசித் திகதி எண்ட இடத்தில இரண்டு கோடு. முதலாவது கோட்டுக்குக் கீழ "வந்த நாள்", இரண்டாவதுக்குக் கீழ "முழுகின நாள்" எண்டு என்ரை கையெழுத்தில, தமிழில எழுதச் சொன்னா. பிரெஞ்சுப் பாரத்தில தமிழ்! மற்றத் தாதியள் எல்லாரும் அந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கினவை. மிரெய் "முலுகின நால்" எண்டுவாள். தமிழ்ப் பிள்ளையள் சிரிச்சாலும் விளங்கிக்கொள்ளுவினம்.

பேந்து, டொக்டர் மாதிரி மருந்து எழுதுற உரிமையுள்ள மேல்தாதி ஒருத்தி எங்களிட்ட வந்தா. முதல் தரம் அவ கையெழுத்து வைக்கேக்க நாங்கள் எல்லாரும் வாசலில நிண்டு எட்டிப் பாத்தனாங்கள். அது ஒரு புதன்கிழமை. டொக்டர் வராத புதன்கிழமை! மதாம் அடுத்த கிழமையே ஓய்வு எடுத்திட்டா. "இனி நான் போகலாம்" எண்டு சொல்லி, காதிலயிருந்த பென்சிலைக் கழட்டி மேசையில வச்சிட்டுப் போனா.

இப்ப மருத்துவமாதுவும் எழுதுறாள். மிரெய் போனில சொன்னாள், அந்தப் பாரத்தைத் தன்னோட கொண்டு போனவளாம். இரண்டு கோடும் இன்னும் இருக்குதாம். இப்ப விளங்குதோ நான் ஏன் கத்தினன் எண்டு?

வீட்டுக்காரருக்குச் சொல்லாத ஒண்டு மிச்சம் இருக்கு. கிளினிக்கில கண்டவையை வெளியில கண்டால் நான் தெரியாத மாதிரித்தான் போவன். அவையள் வந்து கதைச்சால் கதைப்பன், இல்லாட்டில் இல்லை. சுதா குளிசை எடுத்து ஐஞ்சு கிழமை இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை தமிழ்க்கடையில வெண்டிக்காய் முறிச்சு முறிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டன். பக்கத்தில ஒரு கை வந்து வெண்டிக்காய் பொறுக்குது. பாத்தால் சுதா. நான் முகத்தைத் திருப்பினன். நெத்தியில திருநீறு, தலை இன்னும் முழுசாக் காயேல்லை. கடை நிறையச் சனம்.

சுதா வெண்டிக்காயைப் பாத்தபடியே, ஆருக்குக் கேட்டாலும் பரவாயில்லை எண்ட மாதிரிச் சாதாரணமாச் சொன்னா:

"அக்கா, திங்கட்கிழமை வந்தது. இண்டைக்கு முழுகினனான். இரண்டுக்கும் வட்டம் போட்டு வச்சிருக்கிறன்."